கம்ப்யூட்டர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்!

புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது "இந்தப் பைல் ஏற்கெனவே உள்ளது" என்று செய்தி வந்தால் புதியவர்கள் எரிச்சலடைகிறார்கள். அதை எப்படித் தாண்டிப் போவது என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். இப்போது என் கருத்து வேறு. அந்த மறுப்புதான் நமக்குப் பாதுகாப்பு.

எழுத்தைத் திரையில் காட்டுவது, படத்தைத் திறப்பது போன்ற வேலைகளுக்குப் பல புரோகிராம்கள் ஒரே பைலைப் பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸில் இவற்றை டி.எல்.எல். பைல்கள் என்பார்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் புதிதாக வரும் புரோகிராம், தன்னிடமுள்ள பழைய டி.எல்.எல். பைலை, இருக்கும் புதிய பைலின் மேலேயே எழுதிவிட முடிந்தது. அதை நம்பியிருந்த வேறு புரோகிராம் நின்றுபோகும். 'டி.எல்.எல். நரகம்' என்றே இதற்குப் பெயர். விண்டோஸ் 2000இல்தான் சிஸ்டம் பைல்களுக்குத் தானியங்கிப் பாதுகாப்பு வந்தது.

லினக்ஸில் இந்த வேலையைப் பேக்கேஜ் மேனேஜர் பார்த்துக்கொள்கிறது. எந்தப் பைல் எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று அது பதிவேடு வைத்திருக்கும். டெபியன், உபுண்டு வகைகளில், வேறொரு பேக்கேஜின் பைல் மீது எழுத வந்தால் பொதுவாக இன்ஸ்டால் நின்றுவிடும். பெடோரா போன்றவற்றில் உள்ள ஆர்.பி.எம். இரண்டு பைல்களையும் ஒப்பிடும். பைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ஓர் அடையாள எண் எடுக்கும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இரண்டும் ஒன்றே என்றால் அனுமதிக்கும். ஒண்டுக் குடித்தனத்துப் பொதுக் கிணறு மாதிரி, ஒருவர் காலி செய்தாலும் பைல் அப்படியே இருக்கும். கடைசிக் குடித்தனக்காரரும் போன பிறகுதான் அது நீக்கப்படும்.

ஒருமுறை என் டெபியன் கம்ப்யூட்டரில், வெளியிலிருந்து எடுத்த பேக்கேஜ் ஒன்றை 'போர்ஸ்' கட்டளை கொடுத்து ஏற்றினேன். நன்றாகவே ஓடியது. இரண்டு வாரம் கழித்து அது வேண்டாமென்று நீக்கினேன். பதிவேட்டில் பொதுப் பைலின் சொந்தக்காரர் பெயர் அதற்குள் மாறியிருந்ததால், பைலும் கூடவே போய்விட்டது. மறுநாள் என் மனைவி பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய வினாத்தாளைத் திறக்க முடியவில்லை. பழைய பேக்கேஜை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று புரிவதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது.

"இப்போதுதான் ஹார்ட் டிஸ்க் பெரிதாகிவிட்டதே, ஒவ்வொரு புரோகிராமும் தனிக் காப்பி வைத்துக்கொள்ளட்டுமே" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2014இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு சாப்ட்வேரில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை தெரியவந்தது. பொதுப் பைலைப் பயன்படுத்திய புரோகிராம்களுக்கு அந்த ஒரு பைலைப் புதுப்பித்து, மறுபடி இயக்கினால் போதும். தனிக் காப்பி என்றால் ஒவ்வொன்றையும் தேடித்தேடிச் சரிசெய்ய வேண்டும்.

எனவே செய்தி வந்தால் நிதானமாகப் படியுங்கள். எந்தப் பைலால் தகராறு என்று அதிலேயே இருக்கும். முடிந்தவரை உங்கள் லினக்ஸின் அதிகாரபூர்வத் தொகுப்பிலிருந்தே பேக்கேஜ்களை எடுங்கள். சந்தேகம் வந்தால் பைல்களைச் சரிபார்க்க ஆர்.பி.எம்.மில் 'வெரிபை' வசதியும், விண்டோஸில் 'சிஸ்டம் பைல் செக்கர்' வசதியும் உண்டு. 'போர்ஸ்' கட்டளையை மட்டும் மறந்துவிடுங்கள்.