உயிர் தப்பினால் போதுமா?

முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரு சிறுமியும், இறந்துபோனவர்களின் பாஸ்போர்ட்டுகளைக் கொண்டு ஒரே குடும்பம்போல் நடித்து, இலங்கைப் போரிலிருந்து தப்பி பிரான்ஸ் போய்ச் சேருகிறார்கள். 2015-ல் கான் விழாவில் முதல் பரிசு பெற்ற ‘தீபன்’ படத்தின் கதை இது. பிரெஞ்சுக்காரர் ழாக் ஓதியார் இயக்கிய இப்படத்தில் வசனம் பெரும்பாலும் தமிழ். தீபனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி, பிரான்ஸில் தஞ்சம் புகுந்த ஈழத்தமிழர்.

அங்கே தீபனுக்கு அகதி விசாரணை நடக்கிறது. குடியிருப்பில் காவலாளி வேலையும் கிடைக்கிறது. இங்கே நிலைமை வேறு. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் கிடையாது. 1983 முதல் தமிழகம் வந்தவர்களுக்கு முகாமும் உதவித்தொகையும் கிடைத்தன. 2019-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என 2025-ல் மத்திய அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. முகாமிலேயே பிறந்து வளர்ந்த பலர், வேலைக்கு மனுப் போடும்போது ‘எந்த நாட்டவர்?’ என்ற கேள்விக்கு இன்னும் பதில் எழுத முடியாமல் நிற்கிறார்கள். வெளிமாநிலத்தில் ஒரு ரேஷன் கார்டுக்காக அலைந்தவர்களுக்கு அந்த வேதனை விளங்கும்.