அழைப்பவரும் அவரே, அளப்பவரும் அவரே

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வாசல். வயலும் மாடும் வாவி மீனுந்தான் இங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. உன்னிச்சைக் குளத்து நீர் இங்கு சுத்திகரிக்கப்பட்டே நகரத்துக் குழாய்களுக்குப் போகிறது. 10 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றும் வந்துவிட்டது. காணியும் நீரும் வெயிலும் இருக்கிற இடத்தை முதலீட்டாளர் தேடி வருவார்கள். வரட்டும். வருகிறவர்களை நம் சார்பில் யார் விசாரிப்பது?

முதலீட்டை அழைப்பது இலங்கை முதலீட்டுச் சபை. அது 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. அன்று அதன் பெயர் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் அதன் முதல் வேலை. பியகம பின்னர் வந்தது. 1992இல்தான் இன்றைய பெயரும் நாடு முழுவதற்குமான அதிகாரமும் கிடைத்தன. அப்போது மட்டக்களப்பில் போர். நாட்டின் மேற்குக் கரையில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் நம் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு விமானம் ஏறினார்கள். பந்திக்குப் பிந்தியது நம் குற்றமல்ல. பிந்தியவருக்குச் சலுகையாவது உண்டா? 2017ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டம் முதலீட்டுச் செலவுக்கான மேலதிகக் கழிவாக வட மாகாணத்துக்கு 200 வீதம் வரை வைத்தது. ஏனைய மாகாணங்களுக்கு அதைவிடக் குறைவு. அதே போரில் அழிந்த கிழக்கு, கொழும்போடு சேர்ந்து அந்த ‘ஏனைய’வுக்குள் போனது!

ஆனால் சலுகையைவிடப் பெரிய விடயம் வேறு. சபைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் செய்யப்படும் ஒப்பந்தம், வரி, சுங்கம் போன்ற சில சட்டங்களிலிருந்தே நிறுவனத்துக்கு விலக்களிக்க வல்லது. வலயங்களுக்குள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் இணக்கத்தோடு, இதே முதலீட்டுச் சபைதான். மாப்பிள்ளை கொண்டுவரும் தரகரிடமே அவன் குணத்தையும் விசாரிக்கச் சொல்லும் ஏற்பாடு இது. எவ்வளவு முதலீடு வந்தது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டிய அலுவலகம், வந்தவரைத் திருப்பி அனுப்பத் தயங்கும். அதிகாரிகள் கெட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதே இல்லை.

ஏறாவூர் புன்னைக்குடாவில் ஏறத்தாழ 300 ஏக்கரில் துணி பதனிடும் வலயம் திட்டமிடப்பட்டது. வேலை வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் துணிக்குச் சாயமிடுவது தண்ணீரைக் குடிக்கும் தொழில். நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்பதைக் கரையோர மீனவரும் படுவான்கரை விவசாயியும் ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் அறிய வேண்டும்.

அனுமதி முன்னே, கேள்வி பின்னே என்றால் முதலீட்டாளருக்கும் நட்டந்தான். மன்னார், பூநகரி காற்றாலைகளுக்கு 2023 பெப்ரவரியில் முதலீட்டுச் சபை இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 44 கோடி 20 இலட்சம் டொலர் திட்டம். மன்னார் மக்களின் எதிர்ப்பு, பறவைகளின் வழித்தடம், நீதிமன்ற வழக்குகள், மின் விலை பற்றிய மறுபேச்சு என்று இழுபட்டு, 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகியது. இரண்டு ஆண்டுகள் வீண்.

2024இல் நிறைவேறிய பொருளாதார மாற்றச் சட்டம், முதலீட்டை அழைக்க ஓர் அமைப்பு, வலயங்களை நடத்த இன்னோர் அமைப்பு என்று பிரிக்கச் சொல்கிறது. திசை சரி. ஆனால் சுற்றாடலைக் கண்காணிக்கும் கை, முதலீட்டை அழைக்கும் கையிலிருந்து முற்றாக விலக வேண்டும். இங்கு வரும் ஒவ்வொரு திட்டத்தின் சுற்றாடல் அறிக்கையும் ஒப்பந்தச் சுருக்கமும் தமிழில் வவுணதீவிலுள்ள மண்முனை மேற்குப் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலகம் தீர்மானித்தாக வேண்டும். உங்கள் ஊர்க் காணியில் அளவுக்கல் நடப்பட்டால், அந்த வாரமே எழுதிப் போடுங்கள்.