சிகிச்சை முடிந்தாலும் கிளினிக் முடிவதில்லை

மார்பகப் புற்றுநோய்க்கு ஒபரேஷன் செய்து, மருந்தேற்றி, கதிர்ச் சிகிச்சையும் முடித்து லயத்துக்குத் திரும்பும் பெண்ணிடம் நாம் எல்லோரும் சொல்வது, "எல்லாம் சுகமாயிருச்சு தானே, இனி ஒன்றும் யோசிக்காதீங்க" என்பதுதான். ஆறுதலுக்குச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் கிளினிக்கை விடுவதும் ஆபத்து. "இந்த வருத்தம் திரும்ப வராமல் விடாது" என்று பயங்காட்டுவதும் பொய். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உண்மையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆரம்ப நிலை என்றால் நோய் மார்பிலும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளிலும் மட்டும் இருப்பது. அதை வெட்டி எடுக்கலாம். ஆனால் ஒபரேஷனுக்கு முன்பே, ஸ்கேனுக்கும் தெரியாத சில கலங்கள் உடம்பின் வேறு இடங்களுக்குப் போய் உறங்கிக் கிடக்கலாம். புல் வெட்டிய மலையில் மண்ணுக்குள் கிடந்த வேர் மழைக்குத் தளிர்ப்பதுபோல, அவை பல வருடம் கழித்தும் எழும்பலாம். மருந்தேற்றுவதும் மாத்திரை தருவதும் அந்த வேருக்காகத்தான்.

இந்த ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல. கட்டி எவ்வளவு பெரியது, எத்தனை முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது, அது எந்த வகை என்பதைப் பொறுத்தே கூடும், குறையும். ஹோர்மோனால் வளராத சில வகைகள் திரும்பினால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் திரும்பும். 5 வருடம் தாண்டினால் பயம் வெகுவாகக் குறையும். ஹோர்மோனால் வளரும் வகை அப்படியல்ல. அது மெதுவானது, ஆனால் நீண்ட நாள் காத்திருக்கும்.

இந்த இரண்டாவது வகை நோய் வந்து, 5 வருடம் மாத்திரை எடுத்து, அதுவரை சுகமாக இருந்த 62,923 பெண்களைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. கட்டி 2 சென்டிமீற்றருக்குள் இருந்து, முடிச்சுகளுக்குப் பரவாதிருந்தவர்களில் 100க்கு 13 பேருக்கு அடுத்த 15 வருடங்களில் நோய் உடம்பின் வேறு பாகத்தில் திரும்பியது. கட்டி பெரிதாகி, 4 முதல் 9 முடிச்சுகளுக்குப் பரவியிருந்தவர்களில் 100க்கு 41 பேருக்குத் திரும்பியது. முதல் கூட்டத்தில் 87 பேருக்கும், இரண்டாவதில் 59 பேருக்கும் அப்படி வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர்கள் பல வருடங்களுக்கு முன் சிகிச்சை பெற்றவர்கள். இன்றைய சிகிச்சை இன்னும் மேம்பட்டது.

ஹோர்மோன் வகைக்குத் தரும் டமொக்சிபென் மாத்திரையை 5 வருடம் ஒழுங்காக எடுத்தால், இந்த நோயால் சாகும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சிலருக்கு 10 வருடமும் தருவார்கள். உடம்பு திடீரென்று கொதிப்பது, வியர்ப்பது போன்ற தொல்லைகள் வரலாம். வழக்கமில்லாத இரத்தப்போக்கோ கால் வீக்கமோ இருந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தழும்பிலோ, அக்குளிலோ, மறு மார்பிலோ புதிய கட்டி, விடாத எலும்பு வலி, விடாத இருமல் அல்லது மூச்சு முட்டல், மஞ்சள் காமாலை, காரணமில்லாமல் மெலிவது, கை வீக்கம்: இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். எல்லா முதுகு வலியும் புற்றுநோய் அல்ல. ஆனால் கொழுந்துக் கூடை சுமப்பவளின் முதுகு வலியை "வேலை வலிதானே" என்று தள்ளிவிடுவது மிகச் சுலபம். அதனால்தான் சொல்கிறோம்.

இவ்வளவையும் அந்தப் பெண் ஒருத்தியின் தலையில் கட்டிவிட முடியுமா? மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்குக் கிளினிக் போக விடியுமுன் பஸ் ஏற வேண்டும். அன்றைய பேர் போகும். துணைக்குப் போகிறவரின் பேரும் போகும். கிளினிக் புத்தகத்தில் இருப்பதோ ஆங்கிலம். அதை வாசித்துச் சொல்வதற்காகப் பாடசாலைக்கு வராமல் அம்மாவோடு போகும் பிள்ளைகளை ஆசிரியர்களான நாங்கள் பார்க்கிறோம். தாயின் நோயைத் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பாரம் ஒரு பிள்ளைக்கு வேண்டாம்.

எனவே நாம் கேட்பது இவை:

கிளினிக் புத்தகத்தைக் காட்டும் தொழிலாளிக்கு அந்த நாளை வராத நாளாகக் கணக்கிடக் கூடாது.

அக்குள் முடிச்சுகள் எடுக்கப்பட்டவருக்கு, வைத்தியர் சொல்லும் காலம்வரை, பேர் குறையாமல் இலகுவான வேலை தர வேண்டும்.

நோயின் வகை, மாத்திரையின் காலம், கவனிக்க வேண்டிய அறிகுறிகள் ஆகியவற்றை வைத்தியசாலை தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவை கிடைக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் தலைவி, சம்மதிக்கும் பெண்களின் கிளினிக் திகதிகளைக் குறித்து வைத்து, துணைக்கு ஒருவரை ஒழுங்கு செய்யலாம். வைத்தியரிடம் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள்: என் கட்டி எந்த வகை? எத்தனை முடிச்சுகளில் இருந்தது? மாத்திரை எத்தனை வருடம்? பதிலைத் தமிழில் எழுதி வாங்கி வாருங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் புத்தகத்தோடு எங்களிடம் வாருங்கள். பிள்ளை வகுப்பில் இருக்கட்டும்.