ஹச்... ஹச்... ஹச்சூ!



இந்த வாரம் மேட்டர் மூக்கு. அடுத்தவன் விஷயத்துல நுழையுமே, அந்த மூக்கு இல்லை. காலைல கண்ணைத் திறக்கிறதுக்குள்ள வரிசையா பதினஞ்சு தும்மல் போட்டு, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து அலாரம் அடிக்குமே... அந்த மூக்கு!

என்னோடது அந்த ஜாதி. வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம். காலேஜ் பூந்தமல்லி தாண்டி. நடுவுல வானகரம் ரோடு. முன்னாடி டிப்பர் லாரி, பின்னாடி தண்ணி லாரி, சாண்ட்விச் மாதிரி நடுவுல என் பைக். செகண்ட் இயர்ல எனக்குக் கிளாஸ்ல வச்ச பேர் 'கார்ப்பரேஷன் குழாய்'. எப்ப ஒழுகும், எப்ப அடைச்சுக்கும்னு யாருக்கும் தெரியாதாம்!

"சைனஸ்டா, தலைக்குக் குளிக்காதே" என்றார் அம்மா. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார் பாட்டி. நான் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். "அண்ணா, மூக்கு அடைப்புக்கு ஏதாச்சும் குடுங்க." விரல் நீளத்துக்கு ஒரு சொட்டு மருந்து பாட்டில் வந்தது. ரெண்டு சொட்டு, ரெண்டே நிமிஷம். அடடா! இழுத்தா அடிவயிறு வரைக்கும் காத்து!

அங்கதான் ஆரம்பிச்சது வினை.

ஒரு வாரம் ஒரு மாசமாச்சு, ஒரு மாசம் ஒரு வருஷமாச்சு. நாளுக்கு ரெண்டு வேளை போட்டது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு ஆச்சு. பர்ஸை மறந்தா அப்படியே காலேஜுக்குப் போயிடுவேன். பாட்டிலை மறந்தா பாதி வழியில வண்டியைத் திருப்பிடுவேன். ஒரு செமஸ்டர் எக்ஸாம்ல பாட்டில் பைக்குள்ள, பை ஹாலுக்கு வெளியே. மூணு மணி நேரம் மீன் மாதிரி வாயால மூச்சு விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். ரிசல்ட்? ஒரு அரியர்.

அதுக்கும் அசரலை. அசர வச்சது ஒரு ஞாயித்துக்கிழமை. கிச்சன்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன். மாடியில துணி காயப்போட்டுட்டு இறங்கின அம்மா, வாசல்லயே அலறிட்டு ஓடி வந்து சிலிண்டரை மூடினாங்க. கேஸ் கசிஞ்சிருக்கு! அடுப்புக்கு மூணடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு எந்த வாசனையும் வரலை. "உனக்குத் தெரியலையாடா?"ன்னு அம்மா கேட்டப்போ அவங்க கை நடுங்கிட்டிருந்தது.

மறுநாள் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு. பாக்கெட்டிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "எத்தனை நாளா?" என்றார் டாக்டர். "ஒண்ணரை வருஷம் சார்." அவர் சிரிக்கவில்லை.

அன்னிக்கு அவர் சொன்னதுல பாதி, உங்கள்ல பல பேருக்குத் தேவைப்படும். அதான் இந்த வாரக் கச்சேரி.

ஸைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று அட்டையில் போட்டிருக்கும் சொட்டு மருந்துகள், மூக்குக்குள் வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. மூணு, மிஞ்சினால் அஞ்சு நாளைக்கு ஓகே. அதைத் தாண்டினால் மருந்து இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கும். அடைப்புக்கு மருந்து போய், மருந்தாலேயே அடைப்பு! இதுக்கு டாக்டர்கள் வச்ச பேரு 'ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா'. பேரைக் கேட்டாலே அடைச்சுக்குதுல்ல?

"அப்ப என் அலர்ஜி, என் சைனஸ் ரெண்டும்?" என்று கேட்டேன். "வீடு ஒண்ணுதான்பா, ரூம்தான் வேற" என்றார். நம் முகத்தில் நெற்றி, கன்னம், கண்ணோரம், மூக்குக்குப் பின்னால் என்று நாலு ஜோடி காற்றறைகள் உண்டு. அவைதான் சைனஸ். எல்லாருக்கும் உண்டு, அது வியாதியின் பெயர் இல்லை. ஒவ்வோர் அறையிலிருந்தும் சளி வடிய மூக்குக்குள் சின்ன வாசல் இருக்கிறது. அலர்ஜியில் மூக்கு வீங்கினால் வாசல் அடைபடும், சளி தேங்கும், கிருமி குடியேறும். அலர்ஜியைக் கவனிக்காமல் சைனஸை மட்டும் விரட்டுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை.

சரி, அலர்ஜி எதனால? 'எஸ்டேட் புகைதான் சார், லாரி தூசிதான் சார்'னு அடிச்சுச் சொன்னேன். ஒரு நோட்டு போடச் சொன்னார். ரெண்டு வாரம்: எத்தனை மணிக்குத் தும்மல், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது. எழுதிப் பார்த்தா ஆச்சரியம்! பெரும்பாலான தும்மல் காலை ஆறு மணிக்கு. ரோட்டுல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே! ஞாயித்துக்கிழமையும் அதே. குற்றவாளி எஸ்டேட்ல இல்லை, என் தலைக்குக் கீழே. நாலு வருஷமா துவைக்காத தலையணை!

தலையணை, மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. நீளம் கால் மில்லிமீட்டர் அளவு. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதுக்குச் சாப்பாடு. அதன் கழிவுதான் அலர்ஜியைக் கிளப்புகிறது. ஈரப்பதமுள்ள ஊர் அதுக்குச் சொர்க்கம். நம்ம சென்னை வேற எப்படி?

அதுக்காக ரோடு நல்லவன்னு சொல்லலை. புகை, சிமென்ட் தூசி, கொசுவத்தி, ஊதுபத்தி எல்லாம் ஏற்கனவே புண்பட்ட மூக்கைச் சீண்டும். 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. நம்ம மூக்கு எம்மாத்திரம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் கொரட்டூர், ஆவடி பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்படி ஊறின சுவர்ல படரும் பூஞ்சையும் அலர்ஜிக்குக் காரணமாகும். காலி மனைகளில் முளைக்கும் பார்த்தீனியம், சீமைக் கருவேலம் ஆகியவற்றின் மகரந்தமும் சிலருக்கு ஆகாது. அவங்கவங்க நோட்டு, அவங்கவங்க வில்லன்!

இனி, டாக்டர் சொல்லி நான் செய்தவை.

தலையணை உறை, போர்வை வாரம் ஒருமுறை கை பொறுக்காத சுடுதண்ணியில். அறுபது டிகிரி சூடு பூச்சியைக் கொல்லும். ரூமை விளக்குமாறால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தேன். ஃபேன் இறக்கையை மறக்காதீங்க. ஹெல்மெட்டுக்குள்ளே இருக்கிற பஞ்சையும்தான்! பைக்ல போனா மாஸ்க்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். 'ஐயோ ஸ்டீராய்டா'ன்னு பதறினேன். ஜிம் ஆளுங்க போடுறது இல்லை இது. மூக்கோடு நின்று வேலை செய்கிற சின்ன டோஸ். ஆனா சொட்டு மருந்து மாதிரி ரெண்டு நிமிஷ மேஜிக் கிடையாது. தினமும் அடித்தால்தான், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமாகும். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கம் சாய்த்து அடிக்கணும். மூன்று நாளில் 'வேலைக்காகலை'ன்னு தூக்கிப் போடுறவங்கதான் அதிகம்.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதும் நல்லது. ஆனா தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தே ஆகணும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் பச்சைக் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். ஜலநேதி பண்றவங்க நோட் பண்ணுங்க!

செட்ரிசின் போட்டுட்டுக் காலேஜுக்கு பைக் ஓட்டாதீங்க. தூக்கம் சொக்கும். தூக்கம் குறைவான மாத்திரைகள் இருக்கு, கேட்டு வாங்குங்க. மூக்கு ஒழுகின உடனே ஆன்டிபயாடிக் போடாதீங்க. பெரும்பாலும் அது வைரஸ், அந்த மாத்திரைக்கு அடங்காது. பத்து நாளுக்கு மேல் இழுத்தாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோ, காய்ச்சலோடு முகம் வலித்தாலோ டாக்டர். கண்ணைச் சுற்றி வீக்கம், ரெட்டைப் பார்வை, கழுத்து இறுக்கத்தோடு கடும் தலைவலி என்றால் அன்னிக்கே!

இன்னொண்ணு. 'சைனஸ் தலைவலி'ன்னு நாமே பேர் வைக்கிறோமே... 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிச் சொன்ன 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. வியாதியே வேற, மருந்தும் வேற.

சொட்டு மருந்தை விட்டது எப்படி? முதலில் ஒரு மூக்கு, பத்து நாள் கழித்து அடுத்த மூக்கு. முதல் நாலு ராத்திரி தூக்கமே இல்லை. ரெண்டு தடவை எழுந்து குப்பைக்கூடையில் பாட்டிலைத் தேடியிருக்கேன். அம்மா முன்னாடியே எடுத்துத் தெருத் தொட்டியில போட்டிருந்தாங்க.

மூணாவது வாரம், எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையைத் தாண்டுறேன். எங்கிருந்தோ வாழைக்காய் பஜ்ஜி வாசனை! வண்டியை ஓரங்கட்டிட்டு அப்படியே நின்னேன். ஒண்ணரை வருஷம் கழிச்சு வந்த வாசனை மக்களே! நாலு பஜ்ஜி பார்சல் கட்டி, "அம்மா, வாசனையிலயே கண்டுபிடிச்சேன்"னு நீட்டினேன். அவங்க சாப்பிடாம என்னையே பார்த்துட்டிருந்தாங்க.

அரியர்? அடுத்த செமஸ்டர்ல க்ளியர். குழாய்ங்கிற பேரு மட்டும் இன்னும் போகலை!

உங்க பாக்கெட்லயும் ஒரு குட்டி பாட்டில் இருக்கா? எத்தனை நாளாச்சுன்னு இப்பவே எண்ணிப் பாருங்க. அஞ்சைத் தாண்டிடுச்சுன்னா, மெடிக்கல் ஷாப்புக்கு டாட்டா... டாக்டருக்கு ஹலோ!

அடுத்த வாரம் பார்ப்போமா... ஹச்சூ! ஸாரி, இது போர்வை உதறினதுல வந்தது!