‘டைனாஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ அசல் கேமைவிட மேலா? தெற்கில் விளையாட மட்டும் ஏன் தனிக் காசு?

ஸ்டீமில் சேல் வந்தால் போதும், கேமர் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தவறாமல் விழும் கேள்வி ஒன்று உண்டு: “டைனாஸ்டிஸ் ஆஃப் இந்தியா வாங்கலாமா மச்சி?”

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபினிட்டிவ் எடிஷன்’ கேமுக்கு 2022 ஏப்ரல் 28-ல் வந்த எக்ஸ்பான்ஷன் அது. அறிமுக விலை 9.99 டாலர். அதில் ராஜேந்திர சோழன் வருகிறார், படையெடுத்துக் கடல் தாண்டுகிறார். வீரர்களை க்ளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறார்கள். இதைக் கேட்டதுமே பாதிப் பேர் கார்டை எடுத்துவிடுவார்கள். மீதிப் பேர், “சரி, ஆனா கேம் நல்லாயிருக்கா?” என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். எக்ஸ்பான்ஷன் என்றால் புது மேப், புது யூனிட், புது கேம்பெயின் எல்லாம் இருக்கத்தான் செய்யும். அதை எண்ணிப் பார்ப்பது ஹோட்டலில் மெனு கார்டின் பக்கங்களை எண்ணுவது மாதிரி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த எக்ஸ்பான்ஷனைக் கழற்றிவிட்டு, பழைய கேமுக்கு மறுபடி போய் உங்களால் உட்கார முடியுமா? முடியாது என்றால் அது அசலை மேம்படுத்திவிட்டது. முடியும் என்றால் அது கூடுதல் சைடு டிஷ். அவ்வளவுதான்.

பண்ணையைத் திரும்பத் திரும்ப விதைத்த காலம்

இந்த அளவுகோலில் ஃபுல் மார்க் வாங்கும் எக்ஸ்பான்ஷன் இதே கேமிலேயே இருக்கிறது. 1999-ல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கிய ‘தி ஏஜ் ஆஃப் கிங்ஸ்’தான் அசல். மொத்தம் 13 நாகரிகங்கள். அடுத்த வருடமே, 2000 ஆகஸ்டில், ‘தி கான்கரர்ஸ்’ வந்தது. ஆஸ்டெக், மாயா, ஹூணர், கொரியர், ஸ்பானியர் என்று 5 நாகரிகங்கள் சேர்ந்தன. பெட்டியின் மேல் அச்சடித்த விளம்பரம் இதைத்தான் சொன்னது. ஆனால் கேமை மாற்றியது இது இல்லை.

அசல் கேமில் பண்ணை ஒன்றில் உணவு தீர்ந்துபோனால் அது காலி நிலமாகிவிடும். நீங்கள் போய் மறுபடி க்ளிக் செய்து விதைக்க வேண்டும். இருபது பண்ணை இருந்தால் இருபது தடவை. எல்லையில் எதிரி கோட்டை கட்டிக்கொண்டிருப்பான், நீங்களோ வயலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ‘கான்கரர்ஸ்’ இதற்கு ஒரு வழி செய்தது: மில்லில் முன்கூட்டியே மரத்தைக் கட்டி வரிசையில் போட்டுவிட்டால், பண்ணை தீர்ந்ததும் தானாக மறுபடி விதைக்கப்படும். மரம் வெட்டும் முகாமைக் கட்டி முடித்த வில்லேஜர் சும்மா நிற்காமல் தானே போய் மரம் வெட்ட ஆரம்பித்தார். சின்ன விஷயம்தான். ஆனால் இதைப் பழகிய ஒருவரால் 1999 பதிப்புக்குத் திரும்பிப் போக முடியாது. முயன்று பாருங்கள், பத்து நிமிடத்தில் கை வலிக்கும்.

‘சிவிலைசேஷன் 5’-ஐயும் உதாரணமாகச் சொல்வார்கள். 2010-ல் வந்த அசல் கேமில் மதமும் இல்லை, உளவும் இல்லை. இரண்டும் முந்தைய 4-ம் பாகத்தில் இருந்தவை! 2012-ல் வந்த ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. 2013-ல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ வணிகப் பாதைகளையும் சித்தாந்தங்களையும் சேர்த்த பிறகுதான் கேம் முழுமையானது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே ‘மேம்பாடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் போட வேண்டும். வீட்டு வாசற்கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுகிறவருக்கு எவ்வளவு நன்றி சொல்வது?

ஒரே பெட்டியில் ‘இந்தியர்’

சரி, நம் கேமுக்கு வருவோம். முதல் பதிப்பில் இந்தியாவே கிடையாது. ரசிகர்கள் உருவாக்கிய மாட் ஒன்றிலிருந்து வளர்ந்த ‘தி ஃபர்காட்டன்’ எக்ஸ்பான்ஷன் 2013-ல் வந்தபோதுதான் ‘இந்தியர்’ என்ற நாகரிகம் சேர்ந்தது. அதில் என்ன இருந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒட்டகப் படை, யானை மேல் வில்லாளி, மலிவு விலை வில்லேஜர், கூடவே மீனவர்களுக்கு போனஸ். ராஜஸ்தான் பாலைவனத்தையும் வங்கக் கடலையும் ஒரே மிக்ஸியில் போட்டு அடித்த மாதிரி. பேசும் மொழி ஹிந்தி.

‘டைனாஸ்டிஸ்’ செய்த முக்கியமான வேலை, இந்த மிக்ஸியைத் திறந்து உள்ளே இருந்ததைப் பிரித்தெடுத்ததுதான். ஒட்டகமும் மலிவு வில்லேஜரும் ‘ஹிந்துஸ்தானி’களுக்குப் போயின. மீன் சுமக்கும் திறன் ‘திராவிடர்’ பக்கம் வந்தது. யானை வில்லாளி பல நாகரிகங்களுக்குப் பொதுவான பிராந்திய யூனிட் ஆனார். கூடவே வங்காளிகளும் கூர்ஜரர்களும் புதிதாக வந்தார்கள். 39 ஆக இருந்த நாகரிகங்களின் எண்ணிக்கை 42 ஆனது.

கணக்கில் மூன்றுதான் கூடியது. ஆனால் ‘இந்தியர்’ என்ற பெட்டி காணாமல் போனதே, அதுதான் பெரிய விஷயம். பெரும்பாலான எக்ஸ்பான்ஷன்கள் மேலே மேலே அடுக்கும். இது அடியில் இருந்ததைப் பிரித்து மறுபடி கட்டியது. முன்பு சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தால், விளையாட்டு முறையில் நீங்கள் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து ஒட்டகப் படை கிளம்பும் கேமுக்கு மறுபடி போக மனசு வருமா?

கையில் எடுத்தால் எப்படி இருக்கிறது?

திராவிடர் நாகரிகத்தின் வடிவமைப்பில் கொஞ்சம் படிப்பு தெரிகிறது. வெளியானபோது அதற்குக் கிடைத்த சலுகைகள் இவை: ஒவ்வொரு யுகத்துக்கு முன்னேறும்போதும் 200 மரம் இலவசம், காலாட்படைக் கூடத்தின் தொழில்நுட்பங்கள் பாதி விலை, ஈட்டி எறிபவர்கள் 25 சதவீதம் வேகமாகத் தாக்குவார்கள். ‘திரிசடை’ என்ற பெரிய போர்க்கப்பல் உண்டு. சுருள்வாள் வீசும் ‘உருமி’ வீரர் உண்டு, ஒரே வீச்சில் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சேர்த்து அடி விழும். ‘வூட்ஸ் ஸ்டீல்’ என்றொரு தொழில்நுட்பம் இருக்கிறது. அதை ஆராய்ந்து முடித்தால் உங்கள் காலாட்படையும் குதிரைப்படையும் எதிரியின் கவசத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ‘வூட்ஸ்’ என்ற அந்தச் சொல்லே நம் ‘உருக்கு’, கன்னட ‘உக்கு’ வகைச் சொல்லிலிருந்து போனது என்பதுதான் பரவலான கருத்து. தென்னிந்திய எஃகு உலகச் சந்தையில் பேர் வாங்கியதை ஒரே ஒரு பட்டனில் வைத்திருக்கிறார்கள். ரசித்தேன்.

ஆனால் நைட் இல்லை. ‘ஏஜ் 2’ தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். கேஸில் யுகத்தில் பாதிப் பேரின் திட்டமே நைட் குதிரைப்படைதான். வரலாற்றுப்படி இதற்கு ஒரு நியாயம் உண்டு. தெற்கில் நல்ல போர்க்குதிரை பெருகவில்லை. பாண்டிய நாட்டுக்கு வருடாவருடம் அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் கடல் வழியே இறக்குமதியானதை மார்க்கோ போலோவே எழுதி வைத்திருக்கிறார். அதனால் குதிரைக்குப் பதில் யானை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் அதிகம் விளையாடப்படுவது ‘அரேபியா’ என்ற திறந்தவெளி மேப். அங்கே வேகம்தான் உயிர். யானை அசைந்து அசைந்து வந்து சேர்வதற்குள் எதிரியின் ஈட்டிக்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அதையும் தாண்டினால் ஒரு துறவி ‘வோலோலோ’ என்று மந்திரம் போட்டு யானையையே தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

விளைவு? கடல் மேப்களில் ராஜா, தரையில் தடுமாற்றம். வெளியான காலத்தில் திராவிடர் பலவீனமான நாகரிகங்களின் பட்டியலில்தான் பேசப்பட்டது. அதே எக்ஸ்பான்ஷனில் வந்த கூர்ஜரர்கள் மறு துருவம். அளவுக்கு மீறிய பலம் என்று எல்லோரும் புலம்பி, பிறகு அவர்களின் பலத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்த இலவச பேட்ச்களில்தான் சரிசெய்தார்கள். கேம் கம்பெனிகளின் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் காசு கொடுத்து வாங்கியவர்தான் சோதனை எலி, ஒரு வருடம் கழித்து தள்ளுபடியில் வாங்கியவருக்கு முழுமையான கேம்.

ராஜேந்திரன் கேம்பெயின் எப்படி?

இங்கேதான் கொடுத்த காசு வசூல். ஐந்து அத்தியாயங்கள். தஞ்சையில் தொடங்கி மலாக்கா நீரிணை வரை போகிறது. 1014 முதல் 1044 வரை ஆண்டவர் ராஜேந்திரன். கங்கைப் படையெடுப்பு, ஈழத்தில் பாண்டியர் ஒப்படைத்து வைத்திருந்த மணிமுடியைக் கைப்பற்றியது, 1025-ல் ஸ்ரீவிஜயத்தின் மீது நடத்திய கடற்படைத் தாக்குதல் எல்லாம் அவருடைய மெய்க்கீர்த்தியிலேயே இருப்பவை. கடாரத்தின் பெயரைப் பட்டத்தில் மட்டும் படித்தவர்களுக்கு, கப்பல்களை வரிசைப்படுத்தி, எந்தத் துறைமுகத்தை முதலில் அடிப்பது என்று முடிவெடுக்கும்போது அந்தப் படையெடுப்பு எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது உறைக்கும். பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி.

பாபர், வங்காளத்தின் தேவபாலர் கேம்பெயின்களும் உண்டு. பாபர் கதை நன்றாகவே இருக்கிறது.

இடிக்கும் இடம்

‘இந்தியர்’ என்ற பெட்டியை உடைத்தவர்கள், தெற்குக்கு வந்ததும் மறுபடி அதே மாதிரி ஒரு பெட்டியைச் செய்துவிட்டார்கள். சோழர், பாண்டியர், சேரர், சாளுக்கியர், ஹொய்சாளர், விஜயநகரம் எல்லாம் ஒரே ‘திராவிடர்’. ராஜேந்திரனின் மிகப் பெரிய எதிரிகளில் மேலைச் சாளுக்கியர் முக்கியமானவர்கள். இந்த வகைப்பாட்டில் இருவருக்கும் ஒரே சட்டை, ஒரே உருமி. கன்னட அரசரின் வீரரும் தமிழில்தான் “என்ன செய்யணும்?” என்பார். தவிர, ‘திராவிடர்’ என்பது 1856-ல் கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணத்துக்குப் பிறகு பரவலாகி, நமக்கு அரசியல் பொருளோடு பழகிய சொல். ராஜேந்திரனிடம் போய் “நீங்க திராவிடரா?” என்று கேட்டால் அவருக்கே புரிந்திருக்காது.

கேமில் எல்லோருக்கும் இப்படித்தானே பெட்டி போடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிழக்கு ஐரோப்பாவில் பாதிப் பேரை ‘ஸ்லாவ்’ என்று போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே 2021-லேயே போலந்தும் பொஹீமியாவும் தனித்தனி நாகரிகங்களாகிவிட்டன. எல்லையில்லாமல் பிரிப்பதும் ஆபத்துதான். 2025 மே மாதம் வந்த ‘தி த்ரீ கிங்டம்ஸ்’ எக்ஸ்பான்ஷனில் 3-ம் நூற்றாண்டின் மூன்று சீன அரசுகளைத் தனி நாகரிகங்களாக்கி, ஆளுக்கொரு ஹீரோவையும் கொடுத்தார்கள். இடைக்காலக் கேமில் இவர்களுக்கு என்ன வேலை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் ‘டைனாஸ்டிஸ்’ எவ்வளவோ நிதானம்.

ஆனால் விலைப் பட்டியலில் ஒரு விஷயம் உறுத்துகிறது. ‘இந்தியர்’ போய் ‘ஹிந்துஸ்தானி’ வந்த மாற்றம் டெஃபினிட்டிவ் எடிஷன் வைத்திருக்கும் எல்லோருக்கும் இலவசம். வங்காளியும் கூர்ஜரரும் திராவிடரும் வேண்டுமென்றால்தான் காசு. அதாவது, எக்ஸ்பான்ஷன் வாங்காத ஒருவரின் கேமில் இந்தியா என்றால் டெல்லியும் ஆக்ராவும் மட்டுமே. 2013-ல் மோசமாகவாவது ‘இந்தியர்’ பெட்டிக்குள் தெற்குக்கு ஒரு மூலை இருந்தது. இப்போது அசல் கேமில் அந்த மூலையும் இல்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்த சதி என்று நான் சொல்ல வரவில்லை. பழைய ஒட்டக நாகரிகத்துக்கு நெருக்கமானது எதுவோ அதை அப்படியே விட்டுவிட்டார்கள், வியாபாரக் கணக்கு. ஆனால் அசலும் எக்ஸ்பான்ஷனும் சேர்ந்தால்தான் முழு வரைபடம் என்றால், எக்ஸ்பான்ஷன் அசலை மேம்படுத்தியது என்று சொல்வதா, அசலைக் குறைத்தது என்று சொல்வதா?

என் பதில்: வாங்கியவருக்கு மேம்பாடு, வாங்காதவருக்கு நஷ்டம்.

சரி, வாங்கலாமா? தனியாக உட்கார்ந்து கேம்பெயின் விளையாடுபவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள், ராஜேந்திரனும் பாபரும் சில வார இறுதிகளுக்குத் தாங்குவார்கள். நண்பர்களோடு ஆன்லைனில் மட்டும் ஆடுபவருக்கு அவசரமே இல்லை. 2000-ல் ‘கான்கரர்ஸ்’ இருக்கும் கணினியும் இல்லாத கணினியும் சேர்ந்து விளையாட முடியாது. டெஃபினிட்டிவ் எடிஷனில் அந்தப் பிரச்சினை இல்லை. எக்ஸ்பான்ஷன் வாங்கிய நண்பர் திராவிடரோடு வந்தாலும் நீங்கள் உங்கள் பழைய பிராங்குகளை வைத்து அவரோடு மோதலாம். அரேபியா மேப் என்றால் நீங்களே ஜெயிக்கவும் வாய்ப்பு அதிகம்.

கேமின் மெனுவையும் உரைகளையும் ஹிந்தியில் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. தமிழில் இல்லை. சோழ வீரர் தமிழில் பேசுவார், அவருக்கு மேலே மிதக்கும் எழுத்தை மட்டும் நீங்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ படித்துக்கொள்ள வேண்டும்.