உம்மையும் ஏகாரமும்

மேடைத் தமிழுக்கு மோனையும் எதுகையும் அணிகலன்கள். அடுக்குமொழி விழுந்தவிடத்தில் கைதட்டல் எழுகின்றது. நல்லதோர் உருவகம் பிறந்தவிடத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. இக்கலையை நாம் இகழ வரவில்லை. 1956 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமிழரசுக் கட்சியின் மாநாட்டுக்குக் கால்நடையாகத் திரண்டு வந்த மக்களைக் கண்ட திருகோணமலை, சொல்வன்மையின் ஆற்றலை நன்கறியும். ஆயினும், மக்களின் உரிமை அணியிலக்கணத்தில் தங்குவதில்லை. சட்டத்தில் உவமைக்கு வேலையில்லை. அங்கே ஓர் உம்மை, ஓர் ஏகாரம், ஒரு காற்புள்ளி ஆகியவையே ஆட்சி புரிகின்றன.

இது மிகைக் கூற்று என்று எண்ணுவோர் அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வழக்கொன்றை நோக்குக. விளைபொருள், இறைச்சி, மீன், விரைவில் பழுதாகும் உணவு ஆகியவற்றைக் கையாளும் சில தொழில்களுக்கு மேலதிகநேரக் கொடுப்பனவு இல்லையென்றது அம்மாநிலச் சட்டம். அத்தொழில்களின் நிரலின் ஈற்றில், அனுப்புவதற்காகப் பொதி செய்தலையும் விநியோகித்தலையும் குறிக்குமிடத்தில், ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது. விநியோகித்தல் தனித் தொழிலா, அன்றி விநியோகத்திற்காகப் பொதி செய்தல் மட்டுமா என்ற வினா எழுந்தது. ஓக்ஹர்ஸ்ட் பாற்பண்ணையின் சாரதிகள், "நாம் விநியோகிக்கிறோம், பொதி செய்வதில்லை, ஆகவே விலக்கு எம்மைச் சாராது" என்று வாதாடினர். 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. மறு ஆண்டில் 50 இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாயிற்று. ஒரு காற்புள்ளியின் விலை அது!

மெயினில் காற்புள்ளி செய்ததை நம் நாட்டில் இடைச்சொற்கள் செய்திருக்கின்றன. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 18 ஆவது உறுப்புரை, இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்று விதித்தது. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் அவ்வாக்கியத்தில் கைவைக்கவில்லை. அதற்கு 1 என்று இலக்கமிட்டு, அதன்கீழ் 2 ஆவது வாக்கியமாகத் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று சேர்த்தது. ஆங்கிலப் பாடத்தில் முதல் வாக்கியத்துக்கு 'தி' என்னும் சுட்டு. இரண்டாவதற்கு 'ஆன்' என்னும் சுட்டு, கூடவே 'ஓல்சோ'. முன்னது 'இன்னது இதுவே' என்று வரையறுப்பது. பின்னது 'இவற்றுள் ஒன்று' என்று பொதுப்படக் கூறுவது. ஆங்கில இலக்கணத்தின் முதற் பாடம் இது. இந்த முதற் பாடத்தில்தான் ஓர் இனத்தின் மொழியுரிமை நிறுத்துப் பார்க்கப்படுகின்றது.

நமது இலக்கணமும் இதனை நன்கறியும். உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தது நன்னூல். அவற்றுள் எண்ணும்மை ஒன்று, எச்சவும்மை மற்றொன்று. எண்ணும்மை இருவரை ஒரே பாயில் இருத்தும். எச்சவும்மையோ, முன்னரே ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதை உணர்த்தி, பின்வந்தவருக்கு ஓரத்தில் இடங்காட்டும்.

தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர் தம் வயலுக்கு மரணசாசனம் எழுதுகிறார் எனக் கொள்வோம். "என் வயல் மூத்தவனுக்குரியது. இளையவனுக்கும் ஓர் உரிமையுண்டு" என்று எழுதினால் என்னாகும்? தந்தை கண்மூடிய மறுமாதமே தம்பி நீதிமன்றப் படியேறுவான். "மூத்தவனும் இளையவனும் என் வயலுக்குச் சரிபங்காளர்" என்று எழுதினால் வழக்கறிஞருக்கு அங்கே வேலையில்லை. வயலுக்குப் பொருந்தும் நியாயம் நாட்டுக்குப் பொருந்தாதோ?

"இரண்டும் அரசகரும மொழிகள் என்றாயிற்று, இனியும் இடைச்சொல்லைப் பிடித்துத் தொங்குவதேன்?" என்பார் உளர். வேறுபாடு இல்லையெனில், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்வதற்குத் தடை யாது? அத்தகைய வாக்கியம் வரைவாளருக்குத் தெரியாததன்று. அதே அரசியலமைப்பின் 19 ஆவது உறுப்புரை, தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும் என்று எண்ணும்மையால் இணைத்தே கூறுகின்றது. கனடா 1982 இல் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, சம அந்தஸ்தையும் அவ்வாக்கியத்திலேயே உறுதிசெய்தது. சிங்கப்பூரின் அரசியலமைப்பு மலாய், மண்டரின், தமிழ், ஆங்கிலம் என நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. அங்கெல்லாம் கூடியது இங்கே கூடாதது ஏன்?

உம்மை இவ்வாறு குறைத்துக் கொடுத்ததையும் ஏகாரம் பறித்துக்கொள்கின்றது. நமது சட்டங்களின் ஈற்றுப் பிரிவை வாசியுங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்குமிடையே ஒவ்வாமை நேரின் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே காண்பீர்கள். அந்த 'ஏ' பிரிநிலை ஏகாரம். கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து உயர்த்துவது. தமிழில் மட்டும் சட்டத்தை வாசிப்பவன், தான் வாசித்ததை முற்றாக நம்ப முடியாத நிலையில் விடப்படுகிறான்.

அடைமொழியின் கதையும் இத்தகையதே. 1958 இல் வந்த விசேட ஏற்பாடுகள் சட்டம் தமிழின் 'நியாயமான' உபயோகம் பற்றியது என்றே பேசப்பட்டது. நியாயத்தின் அளவை வகுப்பவர் யார்? அச்சட்டத்தின் ஒழுங்குவிதிகள் வெளிவர 1966 வரை காத்திருக்க நேர்ந்தது. ஓர் அடைமொழிக்குள் எட்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தன!

ஆதலின் நாம் கோருவது தெளிவானது. அரசியலமைப்பு அடுத்து எழுதப்படும்போது, அரசகரும மொழிகள் சிங்களமும் தமிழும் என ஒரே வாக்கியம் அமையவேண்டும். ஒவ்வாமைப் பிரிவில் இரு உரைகளும் சமமாக நிற்கவேண்டும். இதனால் கந்தளாயின் சிங்கள விவசாயி ஒரு பிடி நெல்லையும் இழக்கமாட்டார். அவருக்கு அவர் மொழியில் கடிதம் வருவதும் நமக்கு நியாயமே.

அதுவரை, கையிலுள்ளதைக் காப்பது நம் கடன். 1988 இன் 16 ஆவது திருத்தப்படி, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. பொதுப் பதிவேடுகளுக்கும் அதுவே மொழி. மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் உள்ள கமக்காரர், புரியாத மொழியில் நீட்டப்படும் தாளில் கையொப்பமிடாது, தமிழில் தருமாறு கேட்கவேண்டும். கற்றோர் அருகிருந்து அதனைச் சொல்லெண்ணி வாசித்துக் காட்டவேண்டும். ஆசிரியர்கள் எண்ணும்மையையும் எச்சவும்மையையும் கற்பிக்கையில், செய்யுளோடு நில்லாது அரசியலமைப்பின் 18 ஆம், 19 ஆம் உறுப்புரைகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்களாக. இடைச்சொல்லை அறிந்த மக்களை எந்த வரைவாளரும் எளிதில் ஏய்க்க முடியாது.