பட்டறைக்குக் காவல் எது?

தாராவியில் நாலு தையல் மிஷினை வைத்துப் பிழைப்பவரும் முதலாளிதான். மாட்டுங்காவில் இட்லிக் கடை நடத்துபவரும் முதலாளிதான். தீ இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று இவர்களில் பலர் இருந்துவிடுகிறார்கள். அது சரியல்ல.

தீ பாலிசி கட்டடம், சரக்கு போன்ற சொத்துக்குத்தான். மிஷினில் கை சிக்கிய தொழிலாளிக்கு அது ஒரு காசும் தராது. வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளி நஷ்ட ஈடு தரவேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். இ.எஸ்.ஐ.யில் சேராத சிறு பட்டறைகளில் அந்தப் பாரம் முழுவதும் முதலாளி தலையில்தான் விழும்.

ஆகவே, ஆள் வைத்து வேலை வாங்குவோருக்கு முதலில் வேண்டியது தொழிலாளர் நஷ்ட ஈட்டு பாலிசி. வாடிக்கையாளர் வந்துபோகும் கடைக்குப் பொதுமக்கள் பொறுப்பு பாலிசியும், தின்பண்டம் செய்து விற்போருக்குப் பொருள் பொறுப்பு பாலிசியும் தேவை.

பிரீமியத்தைக் குறைக்க ஆள் கணக்கையும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டுவது, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதாகும். விபத்து நேர்ந்தபின் கம்பெனி, எழுதிக் கொடுத்த கணக்கைத்தான் பார்க்கும். ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு, எதற்கெல்லாம் கிடையாது என்பதைக் கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்கள் அடுத்த வீட்டு குமாஸ்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். குமாஸ்தாக்களும் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ளவேண்டும்.

முதலாளியை நம்பி ரயிலேறி வந்த பையனின் கை போனால், ஊரில் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் பிரீமியம் அதைவிடப் பெரிதல்ல.